சிறிய டிராக்டருக்குக் குழி தோண்டும் கருவி: வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலிக்குக் கல்கால் நட, பந்தல் போட, டிராகன் பழத்துக்குக் கான்கிரீட் தூண் நிறுத்த, மரக்கன்று வைக்க என்று குழிக்கான தேவை கூடிவிட்டது. கடப்பாரை பிடிக்க ஆள் கிடைப்பது குறைந்துவிட்டது. 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் குழி தோண்டும் கருவி வாங்கப் போகும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நிலமும் மண்ணும் பயிரும் தமிழ்நாட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

என் டிராக்டர் 24 குதிரைத்திறன். எத்தனை அங்குல ஆகர் (மண்ணைக் குடைந்து இறங்கும் திருகு) வாங்கலாம்?

9 அல்லது 12 அங்குலம். இரண்டில் ஒன்றுதான் என்றால் 9.

கடையில் 18 அங்குல ஆகரைக் காட்டி, “இதையும் இழுக்கும் சார்” என்பார்கள். மணற்பாங்கான நிலத்தில், மழைக்குப் பின், ஓர் அடி ஆழத்துக்கு இழுக்கத்தான் செய்யும். வைகாசி வெயிலில் இறுகிய செம்மண்ணில் அதே ஆகர் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு நிற்கும். குழியின் விட்டம் இரு மடங்கானால் வெளியே வர வேண்டிய மண் நான்கு மடங்காகிறது என்பதுதான் காரணம். 12 அங்குல விட்டத்தில் மூன்றடி ஆழம் தோண்டினால் ஏறத்தாழ 2.4 கன அடி மண் வரும். 24 அங்குல விட்டத்தில் அதே ஆழத்துக்கு 9.4 கன அடி. அவ்வளவு மண்ணையும் வெட்டித் திருகி மேலே தள்ளுவது, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்க உங்கள் டிராக்டரின் பின்புறம் சுழலும் பி.டி.ஓ. தண்டுதான்.

15 முதல் 20 குதிரைத்திறன் வரை 6 அல்லது 9 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 18 அங்குலம் வேண்டுமென்றால் 35-க்கு மேல் இருக்கட்டும்; 24 அங்குலத்துக்கு 45-க்கு மேல். ஆகர் தனியாகவும் கிடைக்கும், ஒரே கியர்பாக்ஸில் மாற்றி மாட்டலாம். எனவே முதலில் சிறியதை வாங்கி உங்கள் மண்ணில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரியதை யோசிக்கலாம்.

தென்னங்குழி மூன்றடிக்கு மூன்றடி எடுக்க வேண்டும். இது உதவுமா?

உதவாது. தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், அதாவது 27 கன அடி. சிறிய டிராக்டரின் 12 அங்குல ஆகர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுக்காது. மாமரத்துக்கு ஒரு மீட்டர் குழி என்றாலும் இதே கதைதான். 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 குழிதான் வரும். அதற்குப் பொக்லைனை வாடகைக்குப் பிடிப்பதே சரி.

முருங்கை, கொய்யா, வாழை, தேக்கு ஆகியவற்றுக்கு ஒன்றரை அடிக் குழி போதும். இங்கே 12 அங்குல ஆகரால் அருகருகே இரண்டு மூன்று துளைகள் போட்டு, இடையில் நிற்கும் மண்ணை மண்வெட்டியால் தட்டிவிட்டால் குழி தயார். ஆனால் முதல் துளைக்கு மிக நெருக்கமாக இரண்டாவதைத் தொடங்கினால் ஆகர் பழைய துளைக்குள்ளேயே சரிந்துவிடும். துளைகளுக்கு நடுவே நாலைந்து அங்குலச் சுவர் விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குதிரைத்திறன் சரியாக இருந்தும் ஆகர் குழியிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை என்கிறார்களே, ஏன்?

விற்பவர்கள் அநேகமாகப் பேசாத விஷயம் இது. சிறிய டிராக்டரில் பெரும்பாலும் கருவி தோற்பது இங்கேதான்.

கருவியின் அமைப்பைக் கவனியுங்கள். நீளமான ஓர் இரும்புக் கை. அதன் முன்முனை டிராக்டரின் மேல் இணைப்பு மாட்டும் இடத்தில் ஓர் இரும்புப் பின் (pin) கொண்டு கோக்கப்பட்டிருக்கும். பின்முனையில் கியர்பாக்ஸும் ஆகரும் தொங்கும். கீழே உள்ள இரண்டு லிஃப்ட் கைகளும் ஒரு கவை வழியாக இந்த இரும்புக் கையை ஏறத்தாழ நடுவில் பிடித்துத் தூக்குகின்றன. நடுவில் தூக்குவதால், லிஃப்ட் கை ஓர் அடி எழுந்தால் ஆகர் இரண்டடி எழும்பும். உயரத்தில் கிடைக்கும் இந்த லாபத்துக்கு எடையில் விலை கொடுக்க வேண்டும்: ஆகர் பக்கம் தொங்கும் 100 கிலோ, லிஃப்ட் கைக்கு 200 கிலோவாகத் தெரியும்.

வாங்குமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கைகளை முழுதாகத் தூக்கி, அவற்றின் நுனிக் குண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு முழுதாக இறக்கி அளக்க வேண்டும். வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இருக்கும் கருவியில், முன்முனைப் பின்னிலிருந்து (pin) ஆகர் தொங்கும் இடம் வரையுள்ள நீளத்தை, அதே பின்னிலிருந்து கவை பிடிக்கும் இடம் வரையுள்ள நீளத்தால் வகுத்தால் 2 வருகிறது என்றால், ஆகரின் மொத்த ஏற்ற இறக்கம் சுமார் 100 சென்டிமீட்டர். அடுத்த குழிக்கு நகரும்போது ஆகரின் நுனி தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டராவது எழும்பியிருக்க வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 80 முதல் 85 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டேமுக்கால் அடி. மூன்றடி ஆகர் வாங்கினாலும் இதற்கு மேல் ஆழம் கிடைக்காது.

பெரிய டிராக்டருக்கென்று செய்த கருவியைச் சிறியதில் மாட்டினால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கவையை மாட்ட இரண்டு மூன்று துளைகள் உள்ள மாடலாக இருந்தால் ஓரளவு சரிக்கட்டலாம். எதுவானாலும், உங்கள் டிராக்டரையே கடைக்கு ஓட்டிச் சென்று, மாட்டித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இறுகிய மண்ணில் ஆகரை அழுத்த முடியுமா?

முடியாது. நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் தூக்க மட்டுமே செய்யும், கீழே தள்ளாது. ஆகர் தன் எடையாலும் பல் கடிக்கும் பிடியாலும்தான் இறங்குகிறது. அதனால்தான் மிக இலேசான, மலிவான கருவி கெட்டி மண்ணில் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டு மாடல்கள் விலையில் நெருங்கி வந்தால் கனமானதை எடுங்கள், ஆனால் உங்கள் லிஃப்ட் தாங்கும் வரம்புக்குள்.

இறங்கவில்லை என்றதும் ஒருவரை அந்த இரும்புக் கையின் மேல் ஏறி நிற்கச் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கால் வழுக்கினால் விழுவது சுழலும் தண்டின் மேல். எந்த அவசரத்துக்காகவும் இதைச் செய்யக் கூடாது.

எந்த மண்ணுக்கு எப்படி?

குழி தோண்டும் வேலையில் பாதி, நாள் பார்ப்பதுதான். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், கையில் அப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பதத்தில் 9 அங்குல ஆகர் வெண்ணெயில் கத்தி போலப் போகும்.

தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் இந்தப் பதம் சில நாட்களே நிற்கும். ஈரம் மிகுந்தால் ஆகரின் திருகு முழுக்க மண் அப்பி ஓர் உருளையாகிவிடும், காய்ந்தால் கல். அங்கே அரையடி இறக்கி, தூக்கி உதறி, மறுபடி இறக்க வேண்டும். செம்மண்ணில் கோடையில் தோண்டியே ஆக வேண்டுமென்றால், முதல் நாள் மாலை ஒவ்வொரு புள்ளியிலும் கடப்பாரையால் சிறு பள்ளம் பறித்துத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் காலை வேலை பாதியாகிவிடும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) படிந்த நிலங்களும், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்புறை மண்ணும் வேறு ரகம். சாதாரணப் பல் அரை நாளில் மழுங்கிவிடும். கார்பைடு நுனி வைத்த பல்லும் நடுவில் கூரான முனையும் உள்ள ஆகரைக் கேளுங்கள். பல்லைக் கழற்றி மாற்றும்படி போல்ட் போட்டிருக்க வேண்டும், வெல்டிங் செய்த பல் வேண்டாம். சுக்கான் தகடு மெல்லியதென்றால் இப்படி உடைத்துப் போய்விடலாம். கெட்டிப் பாறையையோ தலையளவு உருண்டைக் கல் நிறைந்த நிலத்தையோ எந்த ஆகராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேறு இயந்திரம்.

தேரி மணலிலும் ஆற்றுப் படுகையிலும் தோண்டுவது எளிது, குழி நிற்பதுதான் கடினம். ஆகரை எடுத்த கையோடு தூணை இறக்கிவிட வேண்டும்.

களி கலந்த மண்ணில் மரம் நடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுழலும் ஆகர் குழியின் சுவரைத் தேய்த்து, பூசி மெழுகியதுபோல் வழவழப்பாக்கிவிடும். கன்றின் வேர் அந்தச் சுவரைத் துளைக்கத் திணறும், தண்ணீரும் உள்ளேயே தேங்கும். நடுமுன் கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கொத்திவிடுங்கள். தூணுக்குத் தோண்டினால் இந்த வேலை இல்லை.

என் டிராக்டரில் பொருந்துமா என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மூன்று இடங்கள். முதலாவது பின். சிறிய டிராக்டர்களின் லிஃப்ட் கை பெரும்பாலும் முதலாம் வகை: கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர். இரண்டாம் வகைக்குச் செய்த கருவியில் கீழ்ப் பின் 28 மில்லிமீட்டராக இருக்கும், அது நுழையாது. மிகச் சிறிய டிராக்டர்களில் இரண்டு கைகளுக்கும் இடைப்பட்ட அகலமும் குறைவு. கவையின் அகலத்தை அதோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது பி.டி.ஓ. தண்டின் பள்ளங்கள். ஆறு பள்ளம், 35 மில்லிமீட்டர் என்பதே பரவலான அளவு.

மூன்றாவது, பலர் கோட்டை விடுவது, இணைப்புத் தண்டின் நீளம். இது ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரு குழாய்கள். நீளம் கூடுதலாக இருந்தால் ஏற்ற இறக்கத்தில் ஒரு கட்டத்தில் குழாய்கள் முட்டி, அந்த அடி நேராக டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கில் விழும். குறைவாக இருந்தால் சுற்றும்போதே கழன்று வீசும். கருவியை மேலிருந்து கீழ்வரை மெதுவாக இறக்கி, தண்டு மிகவும் சுருங்கும் இடத்தையும் மிகவும் நீளும் இடத்தையும் பார்த்து, தேவையானால் இரு குழாயையும் சம அளவில் அறுக்க வேண்டும். எந்த நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையையும் அதே அளவு வெட்டி மறுபடி மாட்டுங்கள். “தொல்லை” என்று உறையைக் கழற்றி எறிவது நம் ஊரில் சகஜம்; அந்த உறைதான் உயிர் காப்பது.

பி.டி.ஓ. எந்த வேகத்தில் ஓட வேண்டும்? ஒற்றை கிளட்ச் போதுமா?

நிமிடத்துக்கு 540 சுற்று என்பது உச்ச வரம்பு. கியர்பாக்ஸ் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைப்பதால் ஆகர் 180 சுற்று அளவில் சுழலும். அதுவே அதிகம். சிறிய டிராக்டர் சிலவற்றில் 750 என்ற இரண்டாவது வேகமும் உண்டு, அதைத் தொட வேண்டாம். துளை தொடங்கும்போது எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் வைத்து, நுனி பிடித்த பிறகு கொஞ்சம் கூட்டினால் போதும்.

ஒற்றை கிளட்ச் தாராளமாகப் போதும். இது டிராக்டர் நின்றுகொண்டே செய்யும் வேலை.

ஷியர் போல்ட் அடிக்கடி முறிகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

போடக் கூடாது. கல்லிலோ வேரிலோ ஆகர் சட்டென்று நின்றால், கியரும் பி.டி.ஓ.வும் உடையாமல் இருக்கத்தான் அந்தச் சில ரூபாய் போல்ட் முறிகிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவிலும் தரத்திலும் ஒரு டஜன் வாங்கிக் கருவிப்பெட்டியில் போட்டுவையுங்கள். ஒரே நாளில் நாலைந்து முறிந்தால் குற்றம் போல்ட்டில் இல்லை. ஆகர் பெரிதாக இருக்கிறது, அல்லது இறக்கும் வேகம் அதிகம், அல்லது அந்த இடம் ஆகருக்கு ஏற்றதல்ல.

ஆகர் மண்ணுக்குள் திருகிக்கொண்டு சிக்கிவிட்டால்?

ஈரக் களியில், மெதுவாகச் சுழலும் ஆகரை ஒரே மூச்சில் இறக்கினால் மண்ணை வெளியேற்றாமல் திருகாணி போல உள்ளே போய்விடும். உடனே லிஃப்டை இழுக்கத் தோன்றும். இழுத்தால் சிறிய டிராக்டரின் முன்சக்கரம்தான் எழும்பும், அல்லது இரும்புக் கை வளையும்.

பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பெரிய பைப் ரெஞ்சை ஆகர் தண்டில் மாட்டி எதிர்ப்பக்கமாகச் சில சுற்றுத் திருப்பினால் பிடி விடும். பிறகு எஞ்சினை ஓட்டி மெதுவாகத் தூக்கலாம். அரையடிக்கு ஒருமுறை தூக்கி மண்ணை உதறுபவருக்கு இந்த வேலை வருவதே இல்லை.

பாதுகாப்பில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. தோளில் கிடந்த துண்டின் ஓரம் தண்டில் பட்டால், “ஐயோ” என்று சொல்லி முடிப்பதற்குள் துணியோடு ஆளும் போய்விடும். வேட்டி, லுங்கி, துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஓட்டுபவர் இருக்கையில்; உதவியாள் குறைந்தது பத்தடி தள்ளி. அடையாளப் புள்ளிக்கு நேராக ஆகரைக் கையால் பிடித்து நிறுத்துகிறேன் என்று ஒருவர் முன்வருவார். அவருக்குச் சுண்ணாம்புப் பொடியைக் கொடுத்து முன்கூட்டியே குறிபோடச் சொல்லுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்தின் துணைக்குழாய், கிணற்று மோட்டாரின் கேபிள் ஆகியவை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டடி ஆழத்தில் போகின்றன. எங்கே புதைத்தது என்று குழாய் போட்டவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தோண்டிய குழியை வெயிலில் ஆறப்போடும் வழக்கம் உண்டு. அந்த நாட்களில் அதன் மேல் முள்ளோ பலகையோ போடாவிட்டால் ஆட்டுக்குட்டி விழும், குழந்தையின் காலும் போகும்.

குழி சாய்வாக வருகிறது. கல்கால் நேராக நிற்கவில்லை.

இரும்புக் கை வில்போல வளைந்து இறங்குவதால் ஆகரின் தலை முன்பின்னாக நகரும். அதனால் குழி கொஞ்சம் சாயத்தான் செய்யும். பாதி ஆழத்தில் நிறுத்தி, ஆகரைத் தூக்கிவிட்டு, டிராக்டரை ஓரிரு அங்குலம் முன்னேயோ பின்னேயோ நகர்த்தி மீதியைத் தோண்டினால் சரியாகும். கல்கால் முழு வட்டமாகவோ ஒரே தடிமனாகவோ வருவதில்லை என்பதால் 9 அங்குலக் குழியில் சிலது நுழையாது. கல் கனமாக இருந்தால் 12 அங்குலம். நாலங்குலக் கான்கிரீட் தூணுக்கு 9 தாராளம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கணக்கைப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒரு கல்கால் என்றால் 84 குழி. ஐந்து ஏக்கர் நிலத்தைச் சுற்றினாலும் இருநூறைத் தாண்டாது. மண் பதமாக இருந்தால் அது இரண்டு மூன்று நாள் வேலை. சொந்த வேலிக்காக மட்டும் இதை வாங்குவது வீண் என்பதே என் கருத்து. வருடத்தில் பெரும்பகுதி கொட்டகையில் துரு ஏறும். பந்தல் போடுபவர்கள், நர்சரி நடத்துபவர்கள், அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்ட நினைப்பவர்கள் வாங்கலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கிராமங்களில் உள்ள வாடகை மையங்களிடமும் முதலில் கேளுங்கள். உழவன் செயலியிலும் பார்க்கலாம். வாங்குவதென்றால் மானியம் உண்டா என்று உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கீகரித்த மாடல்களுக்குத்தான் மானியம். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதோடு போனால் பெரும்பாலும் வேலைக்காகாது.

கையால் பிடிக்கும் பெட்ரோல் ஆகர் போதாதா?

நூறு குழிக்குள், மென்மையான மண், 8 அங்குலம் வரை என்றால் போதும். வரப்பிலும் மரங்களுக்கு இடையிலும் டிராக்டர் நுழையாத இடத்தில் அதுவே நல்லது. கல்லில் மாட்டினால் ஆகர் நின்று, கைப்பிடி உங்களைச் சுற்றும். இருவர் பிடிக்கும் மாடலைத் தனியாகப் பிடிக்க முயலாதீர்கள்.

பராமரிப்பு?

கியர்பாக்ஸில் 90 எண் கியர் ஆயில் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் நாளில் இணைப்புத் தண்டின் கிராஸ்களுக்கு (மூட்டுகளுக்கு) கிரீஸ் அடியுங்கள். மழுங்கிய பல்லை உடனே மாற்றுங்கள், ஏனென்றால் பல் போனபின் தேய்வது ஆகரின் திருகுத் தகடு. அதைக் கட்ட லேத்துக்கும் வெல்டருக்கும் அலைய வேண்டும்.

பழையது விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ஆகரைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸின் கீழ்த் தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. ஆயில் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் பல்சக்கரம் தேய்கிறது, பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ் சீல் சுற்றி எண்ணெயில் ஒட்டிய மண் கெட்டியாக இருந்தால் கசிவு பழையது. இரும்புக் கையின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள், வளைவை நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஷியர் போல்ட் துளை முட்டை வடிவமாகியிருந்தால் முன்னவர் கெட்டி போல்ட் போட்டு ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.